மறைத்தால் பெருகும் நோய்: குடலிறக்கமும் வலைச் சிகிச்சையும்



ஜும்ஆவில் முதல் ஸஃப்பில் நின்று தொழுது பழகிய பெரியவர் ஒருவர், சில மாதங்களாகப் பின்வரிசையில் நாற்காலியில் அமர்ந்து தொழுகிறார். விசாரிப்பவர்களிடம் "மூட்டு வலி" என்று சொல்லிவிடுகிறார். ருகூவில் குனியும்போதும் ஸஜ்தாவிலிருந்து எழும்போதும் தொடையிடுக்கில் ஒரு கட்டி புடைத்துக்கொண்டு வருவதை அவர் தம் மனைவியிடம்கூடச் சொல்வதில்லை. இரவில் படுத்தால் கட்டி உள்ளே போய்விடுகிறது. "போய்விட்டதே, பிறகு பார்த்துக்கொள்ளலாம்" என்று காலத்தைக் கடத்துகிறார். இத்தகைய பெரியவர்களை நம் மஹல்லாக்களில் எளிதாகக் காணலாம்; இளைஞர்களும் இருக்கிறார்கள்.

இந்நோய்க்குக் குடலிறக்கம் என்று பெயர். மறைவிடத்தில் வரும் நோய் என்பதால் வெட்கம் தடுக்கிறது. அறுவைச் சிகிச்சை என்றால் அச்சம் தடுக்கிறது. "உள்ளே வலை வைத்துத் தைக்கிறார்களாம்" என்று கேட்டவுடன் அச்சம் இரட்டிப்பாகிறது. உடல் அல்லாஹ் நம்மிடம் ஒப்படைத்த அமானிதம். நோய்க்கு மருத்துவம் தேடுவது நபி (ஸல்) அவர்கள் காட்டித் தந்த வழி. ஆகவே இந்நோயைப் பற்றியும், தகுந்த மருத்துவரைத் தேர்ந்தெடுப்பது பற்றியும், வலைகளின் வகைகள் பற்றியும் நம் குடும்பங்கள் அறிந்திருக்க வேண்டியவற்றை இங்கே பார்ப்போம்.

நோய் எப்படி வருகிறது?

நம் வயிற்றின் சுவர் தசைகளாலும் உறுதியான சவ்வுகளாலும் ஆனது. ஆண் குழந்தை கருவில் இருக்கும்போது அதன் விதைகள் வயிற்றுக்குள்ளிருந்து தொடையிடுக்கின் வழியே விதைப்பைக்கு இறங்குகின்றன. அவ்வழி இயல்பிலேயே வலுக்குறைந்த இடம். வயது ஏற ஏறச் சவ்வு தளர்வதாலும், தீராத இருமலாலும், மலச்சிக்கலில் முக்குவதாலும், சிறுநீர் அடைப்பினாலும், அன்றாடம் பெருஞ்சுமை தூக்குவதாலும் வயிற்றினுள் அழுத்தம் கூடி, அவ்விடம் விரிந்து குடலின் ஒரு பகுதி வெளியே பிதுங்குகிறது. உலகில் ஆண்களில் நூற்றுக்கு 27 முதல் 43 பேர் வரையும், பெண்களில் நூற்றுக்கு 3 முதல் 6 பேர் வரையும் தம் வாழ்நாளில் தொடையிடுக்குக் குடலிறக்கத்துக்கு ஆளாகிறார்கள் என்று 2018ஆம் ஆண்டு வெளியான சர்வதேச மருத்துவ வழிகாட்டி கூறுகிறது. ஆண்டுதோறும் 2 கோடிக்கும் மேற்பட்டோர் இதற்காக அறுவைச் சிகிச்சை செய்துகொள்கிறார்கள். இவ்வளவு பரவலான நோயில் வெட்கப்பட என்ன இருக்கிறது?

நம் பகுதியில் ஒரு குழப்பமும் உண்டு. காவிரி டெல்டாவில் யானைக்கால் நோய் நெடுங்காலம் நிலவியதால், விதைப்பையில் நீர் கோத்து வீங்கும் ஓதம் இங்கே பலருக்கும் பழக்கமான நோய். குடலிறக்கத்தையும் ஓதம் என்றே எண்ணிச் சும்மா இருப்பவர்கள் உண்டு. குடலிறக்கம் பெரும்பாலும் தொடையிடுக்கில் தொடங்கும், இருமினால் புடைக்கும், தொடக்க நிலையில் படுத்தால் உள்ளே செல்லும். ஓத வீக்கம் பொதுவாக விதைப்பையிலேயே தொடங்கும், படுத்தாலும் குறையாது. மருத்துவர் கையால் தொட்டுப் பார்த்தே பெரும்பாலும் இரண்டையும் பிரித்தறிந்துவிடுவார். ஐயம் இருந்தால் மட்டும் ஸ்கேன் எடுக்கச் சொல்வார்.

இடுப்பில் கட்டும் பெல்ட், பத்தியம், எண்ணெய்த் தடவல் ஆகியவற்றால் திறந்த வழி மூடிக்கொள்ளாது. பெரியவர்களின் குடலிறக்கத்துக்குத் தீர்வு அறுவைச் சிகிச்சை மட்டுமே.

உடனே செய்ய வேண்டுமா?

கட்டி தெரிந்த மறுநாளே எல்லாரும் அறுவைக்கு ஓட வேண்டியதில்லை. வலியோ தொந்தரவோ அதிகம் இல்லாத 720 ஆண்களை அமெரிக்காவில் ஆராய்ந்து, 2006ஆம் ஆண்டில் முடிவை வெளியிட்டார்கள். ஒரு பாதியினருக்கு உடனே அறுவை செய்தார்கள். மறுபாதியினரைக் கண்காணிப்பில் வைத்தார்கள். கண்காணிப்பில் இருந்தவர்களுக்குக் குடல் சிக்கிக்கொண்ட அவசர நிலை, ஆயிரம் பேரை ஓர் ஆண்டு கவனித்தால் ஏறத்தாழ இருவருக்கு என்ற அளவிலேயே ஏற்பட்டது. ஆனால் இரண்டே ஆண்டுகளில் அவர்களில் நூற்றுக்கு 23 பேர், பெரும்பாலும் வலியின் காரணமாக, தாமே அறுவை செய்துகொண்டார்கள். பத்து ஆண்டுகளில் அது 68 பேராக உயர்ந்தது. ஆகவே தொந்தரவு இல்லாத ஆண், மருத்துவரின் அறிவுரையோடு காத்திருக்கலாம். ஒருநாள் செய்ய வேண்டிவரும் என்பதை மனத்தில் கொண்டு, மருத்துவரைத் தேடும் வேலையை நிதானமாகத் தொடங்கிவிட வேண்டும். மருத்துவரிடம் காட்டாமலே காத்திருப்பது இதில் சேராது.

பெண்கள் விஷயம் வேறு. அவர்களுக்குத் தொடையின் மேற்பகுதியில் வரும் ஒருவகைக் குடலிறக்கம் விரைவில் சிக்கிக்கொள்ளும் தன்மை உடையது. சிறு நெல்லிக்காய் அளவே இருக்கும் கட்டியை உம்மாவோ சகோதரியோ நெறிகட்டி என்று எண்ணி மறைத்துவிடக் கூடாது. பெண்களுக்குத் தாமதமின்றிச் செய்வதே முறை என்று மேற்கண்ட வழிகாட்டி கூறுகிறது. பெண் மருத்துவரிடம் காட்ட விரும்பினால் அதைத் தயங்காமல் கேளுங்கள். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் பெண் அறுவைச் சிகிச்சை நிபுணர்கள் பணிபுரிகிறார்கள்.

குழந்தைகளுக்கும் இது பிறவியிலேயே வரலாம். கத்னா செய்யும் வேளையில் கண்டுபிடிக்கப்படுவதும் உண்டு. குழந்தைகளின் தொடையிடுக்குக் குடலிறக்கத்தை நாள் தள்ளாமல் குழந்தை அறுவைச் சிகிச்சை நிபுணரிடம் காட்ட வேண்டும். அவர்களுக்குத் திறந்திருக்கும் பையைக் கட்டி மூடினால் போதும், வலை வைப்பதில்லை.

இனி, எல்லாரும் மனனம் செய்துகொள்ள வேண்டிய எச்சரிக்கை ஒன்று. உள்ளே போய்வந்த கட்டி திடீரென உள்ளே போக மறுத்து, கல்லாக இறுகி, கடுமையாக வலித்தால், வாந்தி வந்தால், வயிறு உப்பி மலமும் காற்றும் பிரியாமல் நின்றால், கட்டியின் மேல் தோல் சிவந்தால், குடல் நெரிபடுகிறது என்று பொருள். இரத்த ஓட்டம் நின்ற குடல் சில மணி நேரத்தில் அழுகத் தொடங்கும். கட்டியைப் பலவந்தமாக அமுக்காதீர்கள்; உணவோ பானமோ கொடுக்காதீர்கள்; விடியட்டும் என்று காத்திராதீர்கள். அந்த நேரத்தில் பெயர்பெற்ற மருத்துவரைத் தேடிக்கொண்டிராமல், அருகில் அறுவை அரங்கம் உள்ள மருத்துவமனைக்கு உடனே செல்லுங்கள்.

வலை எதற்கு?

இத்தாலியின் பதுவா நகரைச் சேர்ந்த பஸ்ஸினி என்பவர் 1880களில் இக்காலத்துக் குடலிறக்க அறுவைக்கு அடித்தளம் இட்டார். பிதுங்கியதை உள்ளே தள்ளி, இருபுறத் தசைகளையும் இழுத்துச் சேர்த்துத் தைப்பது அவருடைய முறை. கிழிந்த துணியின் இரு ஓரங்களையும் இழுத்துத் தைத்தால் தையல் எப்போதும் இறுக்கத்தில் இருக்கும், நாளடைவில் பிய்ந்துவிடும். அதுபோலவே பலருக்குக் குடலிறக்கம் திரும்ப வந்தது. ஒட்டுத்துணி வைத்துத் தைத்தால் இழுவிசை இராது. அந்த ஒட்டுத்துணிதான் வலை. 1958ஆம் ஆண்டு அமெரிக்காவின் அஷர் என்ற மருத்துவர் செயற்கை இழை வலையைப் பயன்படுத்தியது பற்றி எழுதினார். 1980களில் லாஸ் ஏஞ்சலிஸ் நகரின் லிக்டென்ஸ்டைன் இழுவிசை இல்லாத வலைச் சிகிச்சையை எளிய முறையாக்கினார். இன்று உலகெங்கும் மிகுதியாகச் செய்யப்படும் திறந்த அறுவை முறை அவர் பெயராலேயே அழைக்கப்படுகிறது.

வலை இல்லாமல் செய்யும் முறைகள் வழக்கொழிந்துவிடவில்லை. கனடாவின் டொராண்டோ அருகே உள்ள ஷோல்டிஸ் மருத்துவமனை, தசை அடுக்குகளை ஒன்றன்மேல் ஒன்றாகத் தைக்கும் முறைக்குப் பெயர்பெற்றது. நம் நாட்டில் புனேயைச் சேர்ந்த டாக்டர் மோகன் தேசர்தா, நோயாளியின் சொந்தச் சவ்விலிருந்தே ஒரு பட்டையை எடுத்து வைத்துத் தைக்கும் முறையை 2001ஆம் ஆண்டில் வெளியிட்டார். இம்முறைகளில் தேர்ந்தவர் கையில் இவை நல்ல பலன் தருகின்றன. ஆனால் பல ஆய்வுகளை ஒன்றாகத் தொகுத்துப் பார்த்து 2018ஆம் ஆண்டில் வெளிவந்த அறிக்கை, வலையில்லாத முறைக்குப் பதில் வலை முறையில் 46 பேருக்குச் செய்தால் ஒருவருக்கு நோய் திரும்புவது தவிர்க்கப்படுகிறது என்று கண்டது. ஆகவே சர்வதேச வழிகாட்டியும் பெரியவர்களுக்கு வலை முறையையே பரிந்துரைக்கிறது.

வலையால் தீங்கே இல்லை என்று சொல்வதும் நேர்மையாகாது. அறுவைக்குப் பின் மாதக்கணக்கில் வலி நீடிப்பது வலை வைத்தவர்களுக்கும் வைக்காதவர்களுக்கும் ஏற்படுகிறது. நூற்றுக்குப் பத்துப் பன்னிரண்டு பேருக்கு ஓரளவு வலி நீடிக்கலாம். காலப்போக்கில் அது குறையும். அன்றாட வேலையைப் பாதிக்கும் அளவு கடும் வலி, 200 பேரில் ஒருவர் முதல் 100 பேரில் 6 பேர் வரை ஏற்படுவதாக வெவ்வேறு கணக்குகள் கூறுகின்றன. அப்பகுதியில் ஓடும் மூன்று நுண்ணிய நரம்புகளை இனங்கண்டு காப்பாற்றும் மருத்துவரின் கவனம் இந்த வலியைக் குறைக்கிறது. அரிதாக வலையில் கிருமி தொற்றினால் அதை வெளியே எடுக்கவும் நேரலாம்.

திறந்த முறையா, துளை முறையா?

திறந்த முறையில் தொடையிடுக்கில் சில அங்குல நீளம் கீறி, வெளிப்புறத்திலிருந்து வலையை வைக்கிறார்கள். அவ்விடத்தை மட்டும் மரத்துப்போகச் செய்தும் இதைச் செய்ய முடியும். ஆகவே இதயநோய், நுரையீரல் நோய் உள்ள முதியவர்களுக்கு இது பாதுகாப்பானது. லேப்ராஸ்கோப் எனும் துளை முறையில் மூன்று சிறு துளைகள் வழியே உட்புறத்திலிருந்து 10க்கு 15 சென்டிமீட்டர் அளவுள்ள வலையை விரிக்கிறார்கள். இதற்குப் பெரும்பாலும் முழு மயக்கம் தேவை, செலவும் கூடும். ஆனால் தொடக்க வலி குறைவு; வேலைக்கும் விரைவில் திரும்பலாம். இருபுறமும் குடலிறக்கம் உள்ளவர்களுக்கும், முன்பு திறந்த முறையில் செய்து மீண்டும் வந்தவர்களுக்கும், பெண்களுக்கும் இது ஏற்றது.

துளை முறையில் கைதேர 50 முதல் 100 அறுவைகள் செய்து பழக வேண்டும் என்று வழிகாட்டி கூறுகிறது. எனவே "துளை போட்டுச் செய்கிறார்களா?" என்பதோடு நிறுத்தாமல், "எத்தனை பேருக்குச் செய்திருக்கிறார்?" என்பதையும் கேட்க வேண்டும். திறந்த முறையில் கைதேர்ந்த மருத்துவர், துளை முறையைப் புதிதாகக் கற்றுக்கொண்டிருப்பவரைவிட உங்களுக்கு நல்லவர்.

எந்த வலை?

சாதாரணத் தொடையிடுக்குக் குடலிறக்கத்துக்கு உலகெங்கும் வைப்பது பாலிபுரோப்பிலீன் எனும் செயற்கை இழையால் நெய்த தட்டையான வலையே. இது உடலில் கரையாது. இதன் கண்கள் வழியே நம் சதை வளர்ந்து பிணைத்துக்கொள்ளும். கனமான வலை, இலேசான வலை என்று இரண்டு உண்டு. இலேசான வலையால் திறந்த முறையில் "உள்ளே ஏதோ இருக்கிறது" என்ற உணர்வு சிலருக்குக் குறையலாம். ஆனால் துளை முறையில் அது கூடுதல் நன்மை தருவதாக உறுதிப்படவில்லை; நோய் திரும்பும் வாய்ப்பைச் சிலருக்குக் கூட்டவும் கூடும். ஆகவே "விலை உயர்ந்த வலை வேண்டுமா, சாதாரணம் போதுமா?" என்று கேட்கப்படும்போது குடும்பத்தார் குற்ற உணர்வோடு கடன் வாங்கத் தேவையில்லை.

இதற்குச் சான்று நம் நாட்டிலேயே இருக்கிறது. மஹாராஷ்டிர மாநிலம் தோண்டாயிச்சா என்ற சிற்றூரில் பணிபுரிந்த டாக்டர் ரவீந்திரநாத் டோங்காவ்கர், விலை உயர்ந்த வலை வாங்க இயலாத ஏழைகளுக்காக, கொசுவலைத் துணியை முறைப்படி கிருமிநீக்கி வைத்துச் சிகிச்சை செய்தார். பல மருத்துவர்கள் சேர்ந்து செய்த அந்த முயற்சியின் முடிவுகளை 2003ஆம் ஆண்டில் வெளியிட்டார். பின்னர் ஆப்பிரிக்காவின் உகாண்டாவில் 302 ஆண்களிடம் கொசுவலைத் துணியையும் வணிக வலையையும் ஒப்பிட்டு ஆராய்ந்து 2016ஆம் ஆண்டில் வெளியிட்டார்கள். ஓர் ஆண்டுக்குப் பின் கொசுவலைப் பிரிவில் ஒருவருக்கு மட்டுமே நோய் திரும்பியது; வணிக வலைப் பிரிவில் எவருக்கும் திரும்பவில்லை. இரு பிரிவினருக்கும் மற்றத் தொல்லைகள் ஏறத்தாழ ஒரே அளவில்தான் இருந்தன. இதைக் கேட்டு எவரும் வீட்டுக் கொசுவலையை எடுத்துச் செல்ல வேண்டாம்! வலையின் விலையைவிட, அதைப் போதிய அளவில், சரியான இடத்தில் விரித்துத் தைக்கும் கையே முக்கியம் என்பதற்காகவே இதைச் சொல்கிறோம்.

முஸ்லிம் குடும்பங்கள் கேட்டறிய வேண்டிய செய்தி ஒன்றும் இதில் உண்டு. பாலிபுரோப்பிலீன் வலையில் விலங்குப் பொருள் இல்லை. ஆனால் வயிற்றின் முன்புறத்தில் வரும் பெரிய, சிக்கலான குடலிறக்கங்களுக்கு உயிரியல் வலை என்ற ஒருவகையைச் சில இடங்களில் வைக்கிறார்கள். அவற்றுள் பன்றித் தோலிலிருந்து செய்தவை உண்டு. மாட்டுத் தோலிலிருந்து செய்தவையும் உண்டு. சில செயற்கை வலைகளின்மேல் குடல் ஒட்டாதிருக்க விலங்கின் கொலாஜன் பூசப்பட்டிருக்கும். "வலை எதனால் ஆனது? மேற்பூச்சு எந்த விலங்கினுடையது?" என்று அறுவைக்கு முன்பே கேளுங்கள். தேவை இருப்பின் மாற்று வலை பற்றிப் பேச அதுவே நேரம். வேறு வழியற்ற நிலையில் மார்க்கச் சட்டம் என்ன என்பதை உங்கள் ஊர் ஆலிமிடம் கேட்டுத் தெளிவு பெறலாம்.

காரைக்காலில் இருப்பவர் எங்கே செல்வது?

நமது காரைக்கால் நாற்புறமும் தமிழ்நாடும் கடலும் சூழ்ந்த பகுதி. ஆனால் புதுச்சேரி ஒன்றியப் பிரதேசத்தைச் சேர்ந்தது. இதனால் ஒரு சிக்கல் வருகிறது. தமிழக முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் தமிழ்நாட்டுக் குடும்பங்களுக்கு உரியது. நாகூரில் வசிக்கும் தம்பிக்குக் கிடைக்கும் அட்டை, புதுச்சேரிக் குடும்ப அட்டை வைத்திருக்கும் காரைக்கால் அண்ணனுக்குக் கிடைக்காது. ஆனால் ஆண்டுக்கு ஒரு குடும்பத்துக்கு 5 லட்சம் ரூபாய் வரை தரும் ஆயுஷ்மான் பாரத் திட்டம் எல்லை கடந்தும் செல்லும். அதில் இணைந்த மருத்துவமனை எந்த மாநிலத்தில் இருந்தாலும் பயன்படுத்தலாம். 70 வயது நிரம்பியவர்கள், வருமான வரம்பின்றி இதில் சேர 2024ஆம் ஆண்டு முதல் வழி செய்யப்பட்டுள்ளது. வாப்பாவுக்கு 70 வயது ஆகியிருந்தால் முதலில் அந்த அட்டையை எடுத்துவிடுங்கள். சேர்வதற்கு முன், இந்த அறுவை அம்மருத்துவமனையில் திட்டத்தின்கீழ் வருமா, வலையின் விலையும் அதில் அடங்குமா என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

முதல் ஆலோசனைக்குக் காரைக்கால் அரசுப் பொது மருத்துவமனையே போதும். சாதாரணக் குடலிறக்கம் எந்தப் பொது அறுவைச் சிகிச்சை நிபுணரும் அன்றாடம் செய்யும் சிகிச்சை. இதய நோயோ, மீண்டும் வந்த குடலிறக்கமோ, பெரிய வயிற்றுக் குடலிறக்கமோ இருந்தால் தஞ்சாவூர், திருவாரூர் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளும், புதுச்சேரி ஜிப்மரும் உள்ளன. நாகப்பட்டினத்திலும் 2022ஆம் ஆண்டில் அரசு மருத்துவக் கல்லூரி திறக்கப்பட்டுள்ளது. ஜிப்மர் நூறு கிலோமீட்டருக்கும் அப்பால் இருப்பதால், போய்வரும் செலவையும் உடன் தங்குபவரின் வசதியையும் முன்பே கணக்கிடுங்கள்.

எந்த மருத்துவரிடம் சென்றாலும் இக்கேள்விகளை ஒரு தாளில் எழுதிச் செல்லுங்கள்: ஆண்டுக்கு எத்தனை குடலிறக்க அறுவை செய்கிறீர்கள்? எனக்கு எந்த முறை ஏற்றது, ஏன்? எந்த மயக்க மருந்து? என்ன வலை? வலி நீடித்தால் யாரிடம் வர வேண்டும்? மொத்தச் செலவு எவ்வளவு? பொறுமையாக விடை சொல்பவரே உங்கள் மருத்துவர். பெரிய முடிவுகளுக்கு மஷ்வரா செய்வது நம் வழக்கம். இன்னொரு நிபுணரிடமும் கருத்துக் கேட்பதை எந்த நல்ல மருத்துவரும் தவறாக எண்ணமாட்டார். வீடு திரும்பும்போது, வலையின் பெயரும் எண்ணும் அச்சிட்ட ஒட்டுச்சீட்டைக் கேட்டு வாங்கிப் பத்திரப்படுத்துங்கள். பின்னாளில் வேறு மருத்துவர் பார்க்க நேர்ந்தால் அது உதவும்.

அறுவைக்கு முன்னும் பின்னும்

புகைப்பழக்கத்தைக் குறைந்தது நான்கு வாரங்களுக்கு முன் நிறுத்துங்கள். சர்க்கரையைக் கட்டுக்குள் கொண்டுவாருங்கள். இருமல், மலச்சிக்கல், சிறுநீர்த் தடை இருந்தால் முதலில் அவற்றுக்கு மருத்துவம் செய்யுங்கள். சாதாரண அறுவைக்குப் பின் அன்றோ மறுநாளோ வீடு திரும்பலாம். அன்றே எழுந்து நடப்பது நல்லது. வலி பொறுக்கும் அளவுக்கு அன்றாட வேலைகளைச் சில நாட்களில் தொடங்கலாம். பெருஞ்சுமை தூக்குவதை மட்டும் மருத்துவர் சொல்லும் காலம் வரை தள்ளிப்போடுங்கள். குறுகிய விடுப்பில் வரும் சபுராளிகள் இதைக் கவனிக்க வேண்டும்: ஊருக்கு வந்த முதல் வாரத்திலேயே மருத்துவரைப் பாருங்கள், விமானம் ஏறும் வாரத்தில் அறுவையை வைத்துக்கொள்ளாதீர்கள்.

குனிய இயலாத நாட்களில் அமர்ந்து தொழ மார்க்கம் இடம் தந்திருக்கிறது. காயத்தின்மேல் கட்டு இருக்கும்போது சுத்தம் செய்யும் முறையையும் ஆலிம்களிடம் கேட்டறிந்துகொள்ளுங்கள். தொழுகைக்காகக் காயத்தை நனைக்கவும் வேண்டாம். காயத்துக்காகத் தொழுகையை விடவும் வேண்டாம்.

அன்புக்குரியவர்களே! அடுத்த ஜும்ஆவில் பின்வரிசை நாற்காலியில் உங்கள் வாப்பாவையோ பெரியப்பாவையோ கண்டால், வீட்டுக்குத் திரும்பும் வழியில் தனியாக அழைத்துக் கேளுங்கள். வாய் திறந்து சொல்ல முடியாத ஒன்றை அவர் மாதக்கணக்கில் சுமந்துகொண்டிருக்கலாம். "மருத்துவரிடம் நானும் உங்களோடு வருகிறேன்" என்று நீங்கள் சொல்லும் ஒரு வார்த்தையிலேயே சிகிச்சை தொடங்கிவிடுகிறது. வல்ல அல்லாஹ் நம் அனைவருக்கும் நிறைவான ஆரோக்கியத்தையும், நோயுற்றோருக்கு முழுமையான ஷிஃபாவையும் தந்தருள்வானாக! ஆமீன்.